இப்போது நிலத்தில் இருப்பது

போன வாரம் புதிய அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் பேசி முடித்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இப்போ மானியப் பட்டியல் எல்லாம் வெப்சைட்லயே போட்டுடறோம். இனிமே எவனும் நம்மள ஒரு கேள்வி கேட்க முடியாது" என்றாள். எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அதற்குள் டீ வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டியலை வெளியே வைப்பது எதற்கு? கேள்வி கேட்பதற்கு. கேட்பவன் வாயை அடைப்பதற்கு இல்லை. இது எனக்கும் முதலில் தெரியாது. முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸில் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பெண் மாதிரியேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் தாம்பரத்தைச் சுற்றி. "தாம்பரத்துல விவசாயமா?" என்று என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுக்குமாடிக்கும் அடுக்குமாடிக்கும் நடுவில், ஏரிக்குக் கீழே, இன்னும் நெல் இருக்கிறது. கீரை இருக்கிறது. கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்கு வருகிற அரைக்கீரை ஊட்டியிலிருந்து வருவதில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் பட்டியல் ஒட்டிய லட்சணத்தை முதலில் சொல்கிறேன். மானியமோ வெள்ள நிவாரணமோ, யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியலை ஊரில் பொது இடத்தில் ஏழு நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுக்கலாம். விதி அவ்வளவுதான். நான் என்ன செய்வேன் தெரியுமா? வண்டியை நிறுத்துவேன். சுவரில் செல்லோ டேப்பால் ஒட்டுவேன். போனில் ஒரு போட்டோ எடுப்பேன். உடனே பிய்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு ஐந்து ஊர். மழையில் நனையும், மாடு தின்னும், எவனாவது கிழிப்பான், அப்புறம் நம் தலையில் விடியும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. ஃபைலில் போட்டோ இருந்தால் போதும். ஏழு நாள் கழித்து "ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எப்படி வரும் ஆட்சேபணை? பட்டியல் என் ஹேண்ட்பேக்கில் இருக்கும்போது?

அந்த வரியை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. பெருமையாக வேறு எழுதுவேன். என் ஊர்களில் ஒரு புகார் கூட இல்லையாம்.

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கும்போது, டிசம்பரில் பெரிய மழை. சேலையூருக்குத் தெற்கே ஏரியை ஒட்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஏரி வழிந்து, மதகுக்குக் கீழே இருந்த பயிர் எல்லாம் நாலு நாள் தண்ணீரில் கிடந்து அழுகிவிட்டது. பயிர் இழந்தவர்களுக்கு நிவாரணம் என்று உத்தரவு வந்தது. உடனே பட்டியல் வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினார்கள். முழங்கால் தண்ணீரில் வயல் வயலாக நான் நடக்கவில்லை. முந்தின மானியப் பட்டியலை எடுத்துத் தேதியை மாற்றினேன். பட்டாவில் இருந்த பெயர், சர்வே எண், பரப்பு. முடிந்தது. ஒட்டினேன், போட்டோ எடுத்தேன், பிய்த்தேன்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் வசந்தா அலுவலகத்துக்கு வந்தாள். ஏரி மதகை ஒட்டி ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவள். ஐம்பது வயது இருக்கும். நிலம் தணிகாசலம் என்பவருடையது. அந்த ஊரின் பழைய குடும்பம், அப்பா காலம் வரை விவசாயம். இவர் காலத்தில் பாதி நிலம் மனையாகிவிட்டது. மெயின் ரோட்டில் ஏசி கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்.

வசந்தா உட்காரவில்லை.

"மேடம், வெள்ளத்துல போன கீரைக்கு எழுதினியே, என் பேரு அதுல கீதா, இல்லியா?"

"பட்டியல் ஒட்டினேனே, பார்க்கலையா? ஏழு நாள் டைம் இருந்தது. யாரும் ஆட்சேபணை சொல்லலை."

"எங்க ஒட்டின?"

"உங்க ஊர் ரேஷன் கடை சுவத்துல."

"நான் தினம் காலைல அந்தச் சுவத்துலதான் கூடைய எறக்கி வெச்சு மூச்சு வாங்கறேன். அங்க கண்ணீர் அஞ்சலி போஸ்டரு கீது, டியூஷன் சென்டர் போஸ்டரு கீது. நீ ஒட்டினது எந்த சுவரு? உன் வூட்டு சுவரா?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போனைத் திறந்து போட்டோவைக் காட்டினேன். இதோ பார், சுவர். இதோ பார், பட்டியல். வசந்தா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல உன் கையி தெரியுது மேடம். பிச்சுக்கினு கீறியா, ஒட்டிக்கினு கீறியா?"

பட்டியலின் ஓரத்தில் என் கட்டைவிரல். டேப்பின் ஒரு முனை ஏற்கனவே சுவரை விட்டு எழும்பியிருந்தது. இத்தனை வருஷமாக ஃபைலில் போன எத்தனை போட்டோவில் அந்தக் கட்டைவிரல் இருந்ததோ. எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. அந்தம்மா ஒரு நொடியில் பார்த்துவிட்டாள்.

நான் கோபக்காரி. தப்பு என் மேல் என்றால் கோபம் இன்னும் ஜாஸ்தி வரும். பட்டியலை எடுத்துக்கொண்டு, அவளையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த ஊருக்குப் போனேன். அன்றைக்கும் மறுநாளும் சர்வே எண் ஒவ்வொன்றாகத் தேடி நடந்தேன். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு ஊரில் யாரிடம் கேட்டாலும் வழி தெரியாது. வசந்தாதான் கிராம வரைபடத்தைப் பார்த்து, "இது பனந்தோப்பு மேடம், இது கிணத்துப் பக்கம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பனந்தோப்பில் நீச்சல் குளத்தோடு ஒரு அடுக்குமாடி நின்றது. கிணத்துப் பக்கத்தில் கிணறும் இல்லை, பக்கமும் இல்லை. ஷட்டில் கோர்ட் போட்டு மணிக்கு இவ்வளவு என்று போர்டு வைத்திருந்தார்கள். ஒரு நிலத்தில் லாரிகள் நின்றன. தணிகாசலத்தின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வசந்தா கீரை போடுகிற மதகோர நிலம். இன்னொன்று சாட்சாத் அந்தக் கல்யாண மண்டபம். ஆண்டுக்கணக்காக மண்டபத்துக்கு விவசாய மானியம் போயிருக்கிறது. போட்டது யார்? நான். என் கையெழுத்து.

அந்த மறுநாள் சாயங்காலம் அங்கேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பட்டியலைப் பெரிய சார்ட் பேப்பரில் மார்க்கரால் எழுதினேன். பெயர், சர்வே எண், பரப்பு. நாலாவதாக நானே ஒரு கட்டம் போட்டேன். அதற்குத் தலைப்பு, "இப்போது நிலத்தில் இருப்பது". அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். "நெல், அழுகியது." "அடுக்குமாடி." "ஷட்டில் கோர்ட்." "லாரி நிறுத்துமிடம்." "கல்யாண மண்டபம்." மதகோர நிலத்துக்கு நேரே, "கீரை, அழிந்தது. சாகுபடி செய்பவர்: வசந்தா" என்று எழுதினேன். நானே எழுதினேன். வசந்தா அப்போது மோட்டார் போட வயலுக்குப் போயிருந்தாள். மனசுக்குள் எனக்கு என்னமோ பெரிய நீதிபதி என்று நினைப்பு.

ரேஷன் கடை சுவரில் பசை தடவி ஒட்டினேன். இந்தத் தடவை பிய்க்கவில்லை. கீழே, "இன்றிலிருந்து ஏழு நாள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தரவும்" என்று போட்டேன்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று. அது பொங்கல் வாரம். ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு கொடுக்கிறார்கள். டோக்கனை வைத்துக்கொண்டு ஊரே அந்தச் சுவருக்கு எதிரே இரண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிறது. வேறு என்ன வேலை? எல்லோரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது தணிகாசலம் காரில் அந்த வழியாகப் போனார். வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"அண்ணா, மண்டபத்துல இன்னா ரகம் போட்ட? பொன்னியா?"

"ஏசி ஹால்ல நாத்து வுட்டுருப்பாருடா. அதான் கூலிங்கா வளருது."

"அறுப்பு எப்பண்ணா? முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து சொல்லு, வரோம்."

கார் நிற்கவில்லை. ஜன்னல் மட்டும் மேலே ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம். அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

அதற்கடுத்த நாள் செங்கல்பட்டில் மீட்டிங். முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம். எதிர்ப்பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க பஸ், கார், மூட்டை முடிச்சோடு ஜனம். எங்கள் பக்கமும் நகரவில்லை. மூன்று மணி வெயிலில் அங்கே உட்கார்ந்திருந்தபோது வசந்தா போன் பண்ணினாள்.

"மேடம், என் பேர அதுல எழுதச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"என்ன ஆச்சு?"

"மோட்டார் ரூம பூட்டிட்டாரு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தண்ணி இல்ல. வெத கடன் வாங்கிப் போட்டு இப்பத்தான் மொள வந்து ஒரு வாரம் ஆவுது. இந்த வெயில்ல ரெண்டு நாளு தாங்குமா? பொங்கல் முடிஞ்சதும் நிலத்த காலி பண்ணுன்னு ஆள வுட்டுச் சொல்லிட்டாரு."

"அவர் யாரு உன்னைக் காலி பண்ணச் சொல்ல? நீ பதினோரு வருஷமா..."

"நிலத்துக்காரர் மேடம் அவரு. நீ யாரு? நீ சாயங்காலமானா கீழ்க்கட்டளைக்குப் போயிடுவ. நான் எங்க போவேன்? என் பேரு பட்டியல்ல கீதான்னு கேட்டேன். சுவத்துல எழுதி ஊருக்குக் காட்டுன்னு கேட்டனா?"

போனை வைத்துவிட்டாள். பஸ் அப்படியே நின்றது.

புதியவர்களுக்கு இது புரிய வேண்டும். தாம்பரத்தைச் சுற்றி நிலத்தின் விலை உங்களுக்கே தெரியும். குத்தகைதாரர் பெயரை அரசாங்கக் காகிதத்தில் யாராவது எழுதினால் நிலத்துக்காரருக்குப் பயம் வந்துவிடும். நாளைக்குக் குத்தகைதாரர் உரிமை கேட்டு வழக்குப் போட்டால்? அதனால்தான் இங்கே பெரும்பாலும் எழுத்து இல்லாமல், வாய்ப்பேச்சில் குத்தகை நடக்கிறது. பயிர் அவர்களுடையது, காகிதம் இவர்களுடையது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மார்க்கரைக் கையில் எடுத்தபோது மறந்துவிட்டேன். தணிகாசலத்தை அடிக்க வேண்டும் என்ற வெறியில் அந்தம்மாவின் பெயரைக் கல் மாதிரி எடுத்து வீசியிருக்கிறேன்.

அதே பஸ்ஸில் எங்கள் உதவி இயக்குநரும் கூப்பிட்டார். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் பணியில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரல் உயர்த்தியே பேச மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது.

"ஸ்டெல்லா மேடம், அந்தப் பட்டியலைக் கிழிக்கச் சொல்லி மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. பெரிய இடம்."

"கிழிக்க மாட்டேன் சார். சஸ்பெண்ட் பண்ணணும்னா பண்ணிக்கோங்க."

"நான் கிழிக்கச் சொல்லவே இல்லையே மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கீரைக்காரம்மா பேரைப் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மத்தவங்க எல்லாம் வாங்கினவங்க. வாங்கினவன் பேரை ஊர் பார்க்கணும். அது அரசாங்கப் பணம். அந்தம்மா இன்னும் ஒரு ரூபா வாங்கலையே. வாங்காதவங்க பேர் எதுக்கு அந்தச் சுவத்துல இருக்கு?"

இருபத்தெட்டு வருஷத்தில் எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படிக்காத விஷயம். பெருங்களத்தூர் நெரிசலில், பக்கத்து சீட்டில் ஒரு ஆள் வேர்க்கடலை தின்றுகொண்டிருக்க, போனில் அந்தச் சின்னப் பையன் எனக்குச் சொல்கிறார். கோபமாக வந்தது. சரியாகவும் இருந்தது. "சரி சார்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசை ஏற்கனவே நின்றது. எல்லோர் முன்னாலும் வசந்தாவின் பெயரை மார்க்கரால் அழுத்தி அடித்தேன். பக்கத்தில், "இது அலுவலரின் தவறு. அவர் கேட்டு எழுதியது அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வசந்தா கூடையோடு நின்று பார்த்தாள்.

"அடிச்சா போயிடுமா? ஊரே படிச்சிடுச்சு."

"போகாது. வா, மண்டபத்துக்குப் போலாம்."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் சண்டை போடவா?"

"இல்ல. மன்னிப்புக் கேட்க."

அந்தம்மா என்னை நம்பவில்லை. ஆனாலும் வந்தாள். மூன்றாவது நாளாகத் தண்ணீர் இல்லை. வேறு என்ன செய்வாள்?

மண்டபத்தில் ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். அன்றைக்குச் சுருங்கித் தெரிந்தார்.

"வாங்க மேடம். நெல்லு மண்டபத்துக்கு வாங்க. அப்படித்தான் இப்ப பேரு."

"மோட்டார் ரூமைப் பூட்டியிருக்கீங்க."

"பூட்டியிருக்கேன். மறைக்கல. என் மோட்டார். கவர்மெண்ட் ஆபீசர் தன் கையால சாகுபடி செய்பவர் வசந்தான்னு எழுதி ஒட்டினா, நாளைக்குக் கோர்ட்ல அதுதான் பேசும். எங்க சித்தப்பா நிலம் அப்படித்தான் பதினஞ்சு வருஷம் கேஸ்ல கெடந்தது. எனக்கும் பயம் இருக்காதா? அப்புறம் மண்டபம். நானா வந்து உங்களைக் கேட்டேன்? நீங்கதான போட்டீங்க. வருஷா வருஷம் போன்ல மெசேஜ் வரும். நான் பாட்டுக்கு இருந்தேன்."

எவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்கிறார் பாருங்கள், நான் பாட்டுக்கு இருந்தேன் என்று. அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. போட்டது நான்தான். ஃபைலை வைத்துக்கொண்டு நானும் என் பாட்டுக்குத்தான் இருந்தேன்.

"சார், இவங்க பேரை எழுதினது என் தப்பு" என்றேன். "இவங்களுக்குத் தெரியாம எழுதினேன். அடிச்சிட்டேன். கையெழுத்தும் போட்டிருக்கேன். போய்ப் பாருங்க. இவங்க மேல கோபப்படாதீங்க. என் மேல படுங்க."

அப்போது வசந்தா முன்னால் வந்தாள்.

"இன்னாண்ணா, பதினோரு வருஷமா உன் மதகோரத்துல குந்திக்கினு கீறேன். நிலத்த அமுக்கறவளா இருந்தா இம்மா நாளு கீரை கிள்ளிக்கினு கெடப்பனா? எனக்கு முட்டி வலி, ரேஷன் க்யூலயே நிக்க முடியல. கோர்ட்டு வாசல்ல போயி நிப்பனா? பொங்கலுக்கு உன் வூட்டுக்குன்னு தனியா ஒரு பாத்தி வெச்சுக்கீறேன், அண்ணிக்கு அரைக்கீரைதான் புடிக்கும்னு. அதுவும் சேர்ந்துதான் காயுது. போய்ப் பாரு."

நாற்காலி போடுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் அவர்களை ஒரு முறை முறைத்தார். நாற்காலி சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

இப்போதுதான் நான் செய்த ஒரே புத்திசாலி வேலை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சார், ஏழு நாள் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. முடிஞ்சதும் திருத்தின பட்டியல் ஒட்டணும். அதுல மண்டபம் இருக்காது. அது நிச்சயம். பழைய வருஷத்துக் கணக்கை மேல பார்த்துப்பாங்க, அது என் கையில இல்ல. ஆனா உங்க பேருக்கு நேரா என்ன எழுதறதுங்கறது இன்னும் முடிவாகல. கெடு முடியறதுக்குள்ள நீங்களே எழுதிக் கொடுத்தா 'தானாக விலகினார்'னு எழுதுவேன். கொடுக்கலன்னா 'நீக்கப்பட்டார்'னு எழுதுவேன். ரெண்டுமே அந்தந்த நிலைமைக்கு உண்மைதான். நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"எந்த சைஸ் எழுத்துல எழுதுவீங்க?"

"புரியல சார்."

"கல்யாண மண்டபம்னு இவ்ளோ பெருசா எழுதினீங்களே. தானாக விலகினார்னு எறும்பு மாதிரி எழுதினா? அதே சைஸ்ல எழுதணும். அதே மார்க்கர்ல. ரேஷன் க்யூ முடியறதுக்குள்ள ஒட்டணும். பொங்கலுக்கு அப்புறம் அங்க காக்காதான் நிக்கும்."

இதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். குற்றத்தை எவ்வளவு பெரிதாக எழுதினோமோ, திருத்தத்தையும் அவ்வளவு பெரிதாக எழுத வேண்டும். அதே ஜனம் அங்கே நிற்கும்போதே எழுத வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மானியம் வாங்கிய மண்டபக்காரர் சொன்னார்.

"சரி சார். இன்னைக்கே கடிதம் கொடுத்தா இன்னைக்கே ஒட்டறேன்."

மண்டபத்துக்கு விலகல் கடிதம் எழுதினார். மதகோர நிலத்துக்கும் அவர் பெயர்தான் இருந்தது. அதற்கும் எழுதச் சொன்னேன். அந்தக் கீரை தன்னுடையது இல்லை, அதற்கான நிவாரணம் தனக்கு வேண்டாம் என்றார். நிவாரணம் வசந்தாவுக்கு வர வேண்டுமானால் பயிர் அவளுடையது என்று வி.ஏ.ஓ. சான்று கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ. இவர் வாயைத்தான் பார்ப்பார். அதைச் சொன்னேன்.

"எழுதறேன். ஆனா நிலத்துல எந்த உரிமையும் கேட்க மாட்டேன்னு வசந்தாவும் ஒரு கையெழுத்துப் போடட்டும்."

"அந்த வரி என் ஃபைலுக்குள்ள வராது சார்" என்றேன். "வெள்ள நிவாரணத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்களும் உரிமையைப் பத்தி எழுத வேணாம், அவங்களும் எழுத வேணாம். கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க."

நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். "இந்தப் பருவத்தில் எனது மதகோர நிலத்தில் கீரை போட்டவர் வசந்தா. மழையில் அழிந்தது அவருடைய பயிர்." இரண்டே வாக்கியம். மூன்று தடவை படித்துப் பார்த்தார். அதில் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை, உண்மையைத் தவிர. கையெழுத்துப் போட்டார்.

நான் வசந்தாவின் பக்கம் திரும்பினேன். "புதுப் பட்டியல்ல நிவாரணம் வாங்கறவங்கன்னு உன் பேர் வரும். ஊர் படிக்கும். போடலாமா?"

அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள்.

"இப்ப போடு" என்றாள்.

"மோட்டாரைச் சாயங்காலம் தொறக்கச் சொல்றேன்" என்றார் தணிகாசலம்.

"சாயங்காலம் இன்னாத்துக்குண்ணா? பால் ஊத்தவா? இப்ப தொற. வெயிலு ஏறுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்கத் தெரியவில்லை. மேசை டிராயரிலிருந்து சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பினார். வசந்தா வாட்ச்மேனுக்கு முன்னால் ஓடினாள், முட்டி வலியாம்.

நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு பாத்தி கருகிவிட்டது. மற்றதெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் வரை வசந்தா கருகிய பாத்தியிலேயே நின்றாள். தண்ணீர் முதல் பாத்திக்குள் இறங்கியதும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் திட்டினாள். நான் வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நேரம் திட்டியதில்லை. திட்டி முடித்துவிட்டு, "டீ குடிக்கிறியா மேடம்?" என்று கேட்டாள். பயிர் பிழைத்துவிடும் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பிழைத்தது.

அன்று மதியமே தணிகாசலத்தின் பெயருக்கு நேரே "தானாக விலகினார்" என்று அதே சைஸில், அதே மார்க்கரில் எழுதினேன். வரிசை அதையும் படித்தது. "அண்ணன் அறுப்பு முடிச்சிட்டாருடா" என்று ஒருவன் சொன்னான். அத்தோடு அந்தக் கேலி ஓய்ந்தது. அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து லாரிக்காரரும் ஷட்டில் கோர்ட்காரரும் தாங்களே வந்தார்கள். ஏழு நாள் முடிவில் என் கையில் பதினான்கு ஆட்சேபணைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று என் கையெழுத்து புரியவில்லை என்று. "ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை" என்ற அந்த வெட்கங்கெட்ட வரியை அதற்குப் பிறகு நான் எழுதியதே இல்லை.

அடுத்த நாலு வருஷமும் என் ஊர்களில் எல்லாம் அந்த நாலாவது கட்டத்தோடுதான் பட்டியல் ஒட்டினேன். ரேஷன் கடை, பால் பூத், தண்ணீர் லாரி நிற்கிற முனை. ஜனம் சும்மா நிற்கிற இடம் எதுவோ, அதுதான் பொது இடம். ஒரு தடவை போன் நம்பரோடு ஒட்டிவிட்டு, பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று திருடர்கள் கூப்பிட ஆரம்பித்ததும் அடித்துப் பிடித்துப் போய்க் கிழித்தேன். அதையும் கற்றுக்கொண்டேன். யார் வாங்குகிறார், எந்த நிலத்துக்கு, அந்த நிலத்தில் என்ன இருக்கிறது. ஊருக்கு இவ்வளவு போதும்.

கை தட்ட வைத்த அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன். வெப்சைட்டில் போடும்மா. கட்டாயம் போடு. ஆனால் நீ போட்ட பக்கத்தை நான் திறந்து பார்த்தேன். மாவட்டம், வட்டம், அப்புறம் ஒரு குறியீடு, அப்புறம் கலைந்த எழுத்தில் நானூறு பக்கம். அதுவும் செல்லோ டேப் மாதிரிதான். உன் கட்டைவிரல் அதில் தெரிகிறது.

நான் ஓய்வு பெற்ற நாளோடு முடிக்கிறேன். மாலை போட்டு, கேக் வெட்டி, யாரோ என்னைப் பற்றி இல்லாத நல்லதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது வசந்தா உள்ளே வந்தாள். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள் என்று எழுந்து போனேன். ஒரு காகிதத்தை நீட்டினாள். ஆட்சேபணைக் கடிதம். அந்தப் பருவத்து விதை மானியப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு ஏக்கர் என்று இருந்தது. முட்டி வலியால் அறுபது சென்ட்தான் போட்டிருக்கிறாளாம். திருத்த வேண்டுமாம்.

புதிதாகச் சேர்ந்த கிளார்க் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான். "ஏம்மா, உனக்கு ஜாஸ்தியா வருது, விட்டுட்டுப் போயேன். யாரு கேக்கப் போறாங்க?"

"நீ ரேஷன் கடை க்யூல வந்து நின்னு பாரு சார்" என்றாள் வசந்தா. "யாரு கேப்பாங்கன்னு தெரியும்."

கேக் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை வாங்கினேன். முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸின் கடைசிக் கையெழுத்தை அதன் கீழே போட்டேன். ஆட்சேபணை ஏற்கப்பட்டது.